ஆறு குடமும் காண்டாமிருகமும்

என் அண்ணன் செங்குட்டுவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு நடுவில் நின்று அறிக்கை விட்டான்.

"இன்னிலேந்து அடுத்த ஞாயித்துக்கெழம வரிக்கும் இந்த வூட்ல யாரும் ஃபேன் போடக் கூடாது."

மே மாதம். வியாசர்பாடி. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி. எங்களுக்கு மேலே மொட்டைமாடி. அதற்கு மேலே சூரியன். நடுவில் வேறு குடித்தனம் கிடையாது.

அண்ணி ரமாபாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னாத்துக்கு மாமா?"

"டீக்கால் ஒட்டப் போறேன். காத்து அடிச்சா பறந்துடும்."

"ஸ்டிக்கரா?"

"ஸ்டிக்கர் இல்ல ரமா. எத்தினி தபா சொல்றது? ஸ்டிக்கர்னா பின்னால பசை இருக்கும். இது டீக்கால். தண்ணில ஊற வெச்சா பேப்பர வுட்டு வழுக்கினு வரும். அத்த பிரஷ்ஷால தள்ளி, தோள்ல உக்கார வெக்கணும்."

"பபிள்கம் வாங்கினா குடுப்பானே. எச்ச தொட்டுக் கையில ஒட்டிக்கிறது. அதானே?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மேதைகள் அப்படித்தான் மூடிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் பக்கத்து பிளாக் தாமஸும் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை எண்ணிக் கணக்குக் கொடுக்கிற வேலையில் இருக்கிறார்கள். போன வருஷம், யாரும் வந்து எடுக்காத சரக்கையெல்லாம் அங்கே ஏலம் விட்டார்கள். ஒரு பெட்டியின் மேல் 'பொம்மை' என்று எழுதியிருந்தது. பிரித்துப் பார்க்க அனுமதியில்லை. பொம்மை என்றால் கண் சிமிட்டுகிற பாப்பா, டமாரம் அடிக்கிற கரடி, இப்படித்தானே நினைப்போம்? இவர்களும் அப்படியே நினைத்துக் கூட்டுச் சேர்ந்து எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால், சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள். சட்டத்தில் தலை தனி, கை தனி, கால் தனியாகச் சுண்டுவிரல் உயரச் சிப்பாய்கள். எந்த நாட்டுப் பட்டாளம் என்று எந்த நாட்டுக்கும் தெரியாது. ஒவ்வொருவன் தோளிலும் கவிழ்த்த தோசைக்கல் மாதிரி ஒரு கவசம்.

எந்தக் குழந்தையும் சீந்தவில்லை. அண்ணி பால்வாடி டீச்சர். பிள்ளைகள் விளையாடட்டும் என்று கொஞ்சம் எடுத்துப் போனாள். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ஒரு தலை இன்னும் கணக்கில் வரவில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். பெட்டியின் அடியில் டீக்கால் தாள்களோடு ஓர் ஆங்கிலக் கையேடு இருந்தது. அதைப் படித்துச் சொன்னது நான். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறவள் வீட்டில் இருந்தால் இதற்குத்தான் பயன்படுத்துவார்கள். இவற்றை ஒட்டி, வண்ணம் தீட்டி, மேஜை மேல் நிறுத்தி, ஸ்கேலால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடலாம் என்று அதில் இருந்தது. படித்திருக்கக் கூடாது.

படையைப் பிரித்துக்கொண்டார்கள். பெட்டியில் இருந்த பொம்மை டாங்கிகள் தாமஸுக்கு. சிப்பாய்கள் பெரும்பாலும் அண்ணனுக்கு. தாமஸின் சின்னம் பறக்கும் மீன். அண்ணனுடையது சிவப்புக் காண்டாமிருகம், வாயில் கோடாலியோடு. காண்டாமிருகம் கோடாலியை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று நான் கேட்டேன். "உனுக்கு ரசனையே இல்ல கொழலி" என்றான்.

அடுத்த ஞாயிறு, எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கேரம் கிளப்பில் யுத்தம். சின்னம் ஒட்டாத சிப்பாய் களத்துக்கு வர முடியாது. இது தாமஸ் போட்ட விதி. ஆட்டத்தின் நடுவில் களத்தை விட்டு வெளியே போகிறவர் தோற்றவர். இது அண்ணன் போட்ட விதி, ஏனென்றால் தாமஸ் நிமிஷத்துக்கு ஒரு தடவை பீடி குடிக்கக் கிளம்பிவிடுவார். தோற்றவரின் படை முழுவதும் ஜெயித்தவருக்கு. நடுவர் நான். அண்ணன் எட்டு மாதமாக மூன்று முடி பிரஷ்ஷால் தீட்டிய படை அது. தண்டையார்பேட்டையில் நம்பர் பிளேட் எழுதுகிற கடையில் கெஞ்சி வாங்கிய எனாமல். புத்தர் படத்துக்குக் கீழே அலமாரியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

"புத்தர் கண்ணு எதிர்ல சண்டைக்கு ஆள் சேக்கற" என்பாள் அண்ணி. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பற்றிக்கொண்டு வரக் காரணம் தண்ணீர்.

அந்த வருஷம் எங்கள் குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது. சில நாள் அதுவும் வராது. கைப்பம்பில் வருவது மஞ்சளாக, உப்பாக இருக்கும். பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்க லாரித் தண்ணீர் மட்டும்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும், எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. விடிந்ததும் குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். எல்லாம் நீலக் குடம். ஒரே கடை, ஒரே அச்சு. எது யாருடையது என்று அடிதடி நடக்காத நாள் கிடையாது.

வரிசையை நடத்துகிறவர் சுப்பராயன். துறைமுகத்துத் தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு மட்டும்தான் பெற்றார். கொள்கைப் பிடிப்பில் வீட்டில் சிவப்புக் குடம் தவிர வேறு வாங்கமாட்டார். அவர் போட்ட சட்டம் ஒன்று: குடம் யாருடையதோ, அவரே நிற்க வேண்டும், அவரே தூக்க வேண்டும். ஆள் வைத்து இருபது குடம் பிடிக்கிறவர்களை ஒழிக்க வந்த சட்டம். நல்ல சட்டம்தான். அதை என் அண்ணன் எப்படிப் பயன்படுத்தினான் தெரியுமா?

"குடம் யாரு வாங்கினது?" என்பான்.

"நான்தான்" என்பாள் அண்ணி.

"அப்ப குடம் உன்னுது. நான் தூக்கினா சுப்பராயன் சண்டைக்கு வருவாரு. ரூலு ரூலுதான்."

அண்ணி ஆறு குடத்தையும் மூன்று மாடிக்குத் தூக்குவாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பிறகு பால்வாடிக்குப் போவாள்.

நான் சும்மா இருப்பேனா?

"அண்ணே, இது எந்த ஊரு நியாயம்? தண்ணி குடிக்கிறது மூணு பேரு. தூக்கறது ஒருத்தி. சொத்துரிமைய உழைப்ப சுரண்டறதுக்குப் பயன்படுத்தற நீ."

"நீ ஜட்ஜு. ஜட்ஜு கட்சி பேசக் கூடாது."

"நான் பொம்மைச் சண்டைக்குத்தான் ஜட்ஜு!"

"ஜட்ஜுன்னா எல்லாத்துக்கும் ஜட்ஜுதான்."

அண்ணியிடம் போனேன். "நீங்க ஏன் அண்ணி போராட மாட்டேன்றீங்க? ஒருநாள் தூக்க முடியாதுன்னு சொல்லுங்க. பாக்கலாம்."

"நீ ஒருநாள் ரெண்டு குடம் தூக்கினு வா கொழலி. அப்பறம் பேசலாம்."

எனக்கு செமஸ்டர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்த விவாதம் அங்கேயே நின்றது.

டீக்கால் வேலை தொடங்கியது. வீடு அடுப்பில் ஏற்றிய பானை மாதிரி வெந்தது. அண்ணன் முதலில் அண்ணியின் கலர் இல்லாத நெயில் பாலிஷை எடுத்துச் சிப்பாய்களின் தோளில் பூசினான். ஒட்டுகிற இடம் வழுவழுப்பாக இருந்தால்தான் டீக்காலின் ஓரம் தெரியாமல் படியுமாம். இல்லாவிட்டால் அடியில் காற்றுப் புகுந்து வெள்ளை பூத்துவிடுமாம். துவரம்பருப்பு அளவு காண்டாமிருகத்தை வெட்டி, கைப்பம்புத் தண்ணீரில் ஊற வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வைத்தான்.

காய்ந்ததும் காண்டாமிருகத்துக்கு உப்புப் பூத்திருந்தது.

"கலீஜ் தண்ணி!" என்று கத்தினான். "ரமா! லாரித் தண்ணி ஒரு டம்ளர் குடு."

"குடிக்கவா?"

"டீக்காலுக்கு."

"குடிக்கிற தண்ணியில காண்டாமிருகத்த குளிப்பாட்டப் போறியா?"

"ஒரு டம்ளர் ரமா. ஒரே ஒரு டம்ளர்."

அந்த ஒரே ஒரு டம்ளர் புதன்கிழமைக்குள் ஒரு குடமாகிவிட்டது. பெயிண்ட் கலந்துவிட்டது, தூசு விழுந்துவிட்டது, பசை ஊறிவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருந்தான். நடுவில் நான் தெரியாமல் ஃபேன் போட்டுவிட்டேன். ஒரு காண்டாமிருகம் பறந்து போய் ரசத்தில் விழுந்தது. அண்ணி கரண்டியால் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"புளிப்பு பட்டா கெட்டுடுமா?"

"வினிகர் போட்டா நல்லா படியும்னு புக்குல கீதாம். கொழலி சொன்னா."

"அப்போ ரசமும் உனுக்குத்தானா" என்றாள் அண்ணி. கோபமே இல்லை. பால்வாடியில் மூக்கு ஒழுகுகிற பிள்ளையிடம் பேசுகிற அதே குரல்.

நான் வெடித்துவிட்டேன். "அண்ணி, நீங்க சுமக்கற தண்ணி! அவன் பொம்மைக்கு ஊத்தறான்! நீங்க சாப்பாடு வேற போடறீங்க!"

"சாப்பாடு போடாம? பசிச்சா கை நடுங்கும். அப்பறம் இன்னும் ரெண்டு குடம் கேப்பாரு."

அன்று சாயங்காலம் அண்ணி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவை. ஒரு சிப்பாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓரமே தெரிலயே மாமா. பெயிண்ட்ல வரைஞ்சா மாதிரியே கீது."

அண்ணனின் முதுகு நிமிர்ந்தது.

"அதான் கைவேலை. தாமஸுது பாரு, தோள்பட்டையில சொறி வந்தா மாதிரி கீது."

"இந்தப் பேப்பர்ல கீதே, பெரிசு பெரிசா. இத்த யாருக்கு ஒட்டுவ?"

"அது டாங்கிக்கு. டாங்கிதான் தாமஸ் கிட்ட பூட்ச்சே. சும்மாதான் கீது."

அண்ணி தாளைத் தடவிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். நன்றாகத்தான் விட்டாள்.

"நம்ம குடத்த ஒவ்வொரு தபாவும் எவளாவது மாத்தி எடுத்துனு பூடறா. நெயில் பாலிஷ்ல பேரு எழுதினேன். உரிஞ்சிடுச்சி. குடத்து மேலலாம் இது நிக்காது. இல்ல?"

"யாரு சொன்னா நிக்காதுன்னு?"

"பொம்மைன்னா சரி. குடம் தண்ணி படற எடம். நாலு பேரு கை படற எடம். உன்னால..."

"என்னால முடியாதா? குடத்த எட்துனு வா!"

எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. போராடச் சொன்னால் அலங்காரம் செய்யக் கேட்கிறாளே என்று. பெண்கள் தங்கள் விலங்குகளுக்கே பூ வைத்துக்கொள்கிறார்கள் என்று அன்றைக்கே ஒரு கட்டுரைக்குக் குறிப்பு எடுத்தேன்.

அண்ணன் ஆறு குடத்தையும் உப்புத்தாளால் தேய்த்தான். பூச்சுப் பூசினான். மூன்று விரல் அகலக் காண்டாமிருகத்தை லாரித் தண்ணீரில் ஊற வைத்து, பனியன் துணியால் ஒற்றி ஒற்றி, ஒரு குமிழி இல்லாமல் உட்கார வைத்தான். மேலே அடிக்க நெயில் பாலிஷ் போதாது என்று துறைமுகத்திலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தான்.

"கப்பலுக்கு அடிக்கிற வார்னிஷ். மூணு கோட்டிங். கடலே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"கையால சுரண்டினா?"

"கை தேயும்."

"நீ ஒட்டினதுன்னு பாத்தாலே தெரியுமா?"

"மெட்ராஸ்ல இந்த மாதிரி ஒட்ட வேற எவன் கீறான்?"

"அது சரி" என்றாள் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமை மாலையே கடைசிச் சிப்பாயின் தோளில் காண்டாமிருகம் ஏறிவிட்டது. கேரம் கிளப்பில் போர்டைக் கவிழ்த்துப் போட்டு, தீப்பெட்டியும் செங்கல் துண்டும் வைத்துப் போர்க்களம் அமைத்திருந்தார்கள். கிளப் ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குடங்களின் வரிசை. உண்மையைச் சொன்னால் அந்த அணிவகுப்புத்தான் கொஞ்சம் ஒழுங்காக இருந்தது.

சண்டை தொடங்கியது. அண்ணன் அசத்தினான். ஒரு மணி நேரத்தில் தாமஸிடம் மிஞ்சியது ஒரே ஒரு டாங்கி. பீடி குடிக்க முடியாமல் தாமஸின் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் பகடையை எடுத்துக் குலுக்கினான். நாலுக்கு மேல் விழுந்தால் யுத்தம் முடிந்தது.

அப்போது லாரி ஹாரன். ஜன்னலுக்கு வெளியே சுப்பராயனின் குரல்.

"இந்த ஆறு காண்டாமிருகமும் என் குடம்மா. நானே என் கையால ஒட்டினது."

குலுக்கிய கை நின்றது.

"எனுக்கு ஒட்டத் தெரியாது சாமி" என்றது அண்ணியின் குரல். "யாரு ஒட்டினாங்களோ அவங்கதான் சொல்லணும்."

"அதான் சொல்றேனே. நான்தான் ஒட்டினேன். அரமணி நேரம் ஆச்சு. சின்ன வேலை."

"சின்ன வேலையா?" என்றான் அண்ணன்.

"அண்ணே," என்றேன் நான், "களத்த வுட்டுப் போனா..."

போய்விட்டான். பகடை கையிலேயே இருந்தது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். தாமஸும் வந்தார், ஆனால் காலை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

"யோவ் சுப்பராயா! யாரு ஒட்டினது? நீயா? அரமணி நேரத்துலயா?"

"ஆமா நைனா. இன்னா இப்போ?"

"உப்புத்தாள் எந்த நம்பர் போட்ட, சொல்லு! எத்தினி கோட்டிங்? ஓரம் தெரியுதா பாரு! எங்கியாச்சும் குமிழி கீதா பாரு! டீக்கால்னா இன்னான்னு தெரியுமா உனுக்கு?"

"ஸ்டிக்கர்தானே?"

அண்ணன் முதல் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"என்னுதுய்யா! இது என்னுது! இந்த ஆறு குடமும் என்னுது! எவனும் தொடக் கூடாது!"

 வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். லாரிமேல் ஹோஸ் பிடித்தவன் கேட்டான். சுப்பராயன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆறும் உன்னுதா?"

"ஆறும் என்னுது!"

"உன் சம்சாரத்துது இல்லியே?"

"அவளுக்கு இன்னா தெரியும் இதப் பத்தி? என்னுது!"

"எல்லாரும் கேட்டீங்க இல்ல?" என்றார் சுப்பராயன் வரிசையைப் பார்த்து. "இன்னிலேந்து காண்டாமிருகம் எல்லாம் செங்குட்டுவன் பேர்ல. குடம் யாருதோ அவுங்கதான் நிக்கணும், அவுங்கதான் தூக்கணும். ஹோஸ இப்படிக் காட்டுப்பா."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான்.

"ரூலு ரூலுதான் மாமா" என்றாள் அண்ணி. "மெதுவா தூக்கு. ரெண்டாவது மாடி படிக்கட்டுல சிமென்ட் பேந்து கீது."

ஒரு குடம் ஏறியது. இரண்டாவது ஏறியது. இடுப்பில் வைக்கத் தெரியாது, ஆகவே ஒவ்வொன்றாக. நாலாவது குடத்துக்கு அவன் இறங்கி வந்தபோது கிளப் வாசலில் நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தாமஸ் வெற்றி பெற்றார் என்றேன்.

"நீ என் தங்கச்சி!" என்றான். மூச்சு வாங்கியது.

"ஜட்ஜு கட்சி பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

கையை விரித்துப் பகடையைக் கீழே போட்டான். ஆறு விழுந்தது.

தாமஸ் காண்டாமிருகப் படை முழுவதையும் கேரம் காய் டப்பாவில் அள்ளிக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு பீடியைப் பற்ற வைத்தார். அவர் மனைவி ஃபிலோமினா வரிசையில்தான் நின்றிருந்தாள். காலி நீலக் குடங்களோடு. அவள் எங்கள் குடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படிக்கா ஒட்டினீங்கோ இத்த?"

"நான் எங்க ஒட்டினேன்?" என்றாள் அண்ணி. "அழகா கீதுன்னு சொன்னேன். அவரே ஒட்டினாரு. உங்க வூட்டுக்காரருக்கும் பெரிய மீன் பேப்பர் ஒண்ணு மீந்து கீதாமே?"

ஃபிலோமினா தாமஸைத் திரும்பிப் பார்த்தாள். மிகவும் அன்பாகப் பார்த்தாள். தாமஸுக்கு அது புரிய இன்னும் ஒரு வாரம் ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒன்று உறைத்தது.

"அண்ணி, சுப்பராயன் வூட்ல எல்லாமே சிவப்புக் கொடமாச்சே. ஒரு நீலக் கொடம்கூடக் கிடையாதே. அவரு எதுக்கு..."

"அவரு பேத்தி நம்ம பால்வாடிதான்" என்றாள் அண்ணி. முகத்தில் ஒன்றும் இல்லை.

நான் உற்சாகமாகிவிட்டேன். இது வெற்றி இல்லையா? எதிராளியின் சட்டத்தாலேயே எதிராளியை மடக்குவது! இதற்கு வரலாற்றில் எத்தனை உதாரணம் இருக்கிறது தெரியுமா என்று தொடங்கினேன். அண்ணி கேட்டுக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"இதுல இன்னும் ஒரு பெரிய காண்டாமிருகம் கீது கொழலி. நீ குளிக்கற பக்கெட்டுல ஒட்டச் சொல்லட்டா?"

எனக்கு மறுநாள் பரீட்சை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மத்தியானம் அண்ணன் சமையலறை வாசலில் உட்கார்ந்து குடத்தைச் சுரண்டத் தொடங்கினான். அவன் வாதம் இதுதான்: காண்டாமிருகம் போய்விட்டால் குடம் யாருடையது என்று ஒருவனும் சொல்ல முடியாது, யாருடையதும் இல்லாத குடத்தை யாரும் தூக்கச் சொல்ல முடியாது. வாதத்தில் ஓட்டை இல்லை. நானே ஒப்புக்கொண்டேன். நகத்தால் சுரண்டினான். தேங்காய் நார் போட்டான். தோசைத் திருப்பியால் நெம்பினான். தின்னர் ஊற்றலாம் என்றால் குடமே உருகிவிடும். அண்ணி ஃபேனைப் போட்டுவிட்டு அதற்கு நேர் கீழே படுத்துக்கொண்டாள்.

கடைசியில் புளியைக் கரைத்துப் போட்டுத் தேய்த்தான்.

காண்டாமிருகம் முன்னைவிடப் பளபளவென்று ஆனது.